பத்தமடையில் உடைந்த பின்லாந்துத் தட்டு

பின்லாந்தில் நான் தங்கியிருந்த நாட்களில் யாரும் என்னிடம் ‘இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று சொல்லவில்லை. முதல் நாள் அதை அவமரியாதை என்று நினைத்தேன். இரண்டாம் நாள் நாகரிகம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் எனக்குப் பசித்தது.

போன இலையுதிர் காலத்தில், அக்கா மகள் கோமதிக்குச் சாம்பார்ப் பொடியும் உடன்குடிக் கருப்பட்டியும் கொண்டுபோய்க் கொடுக்கும் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேலைக்காக அங்கே போயிருந்தேன். கோமதி அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில், சாப்பாடு எப்படி வீணாகிறது என்று ஆராய்ச்சி செய்கிறாள். அவளுடைய ஆராய்ச்சிக்கூடம் ஒரு கேன்டீன். பெரிய தட்டுகளை எடுத்துவிட்டுச் சின்னத் தட்டுகளை வைத்தார்கள். குப்பை வாளி இளைத்துவிட்டது. அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. நானும் அந்தக் கேன்டீனில் சாப்பிட்டேன். சைவம் என்று சொன்னதும் வேகவைத்த பீட்ரூட்டைக் காட்டினார்கள். அதன்மேல், அவர்களே வருத்தம் தெரிவிப்பதுபோல, ஒரு தழை இருந்தது.

சென்னைக்குத் திரும்பியதும் பார்த்தவர்களிடமெல்லாம் சின்னத் தட்டின் பெருமையைப் பேசினேன். வெளிநாட்டில் இரண்டு வாரம் இருந்துவிட்டு வந்தவனிடம் ஒரு சிந்தனையாவது இருக்கவேண்டும். என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

கோமதியின் பேராசிரியைக்கு அது போதவில்லை. ஒரு கேன்டீனில் நடந்தது ஒரு கேன்டீனில் நடந்தது மட்டுமே. வேறோர் ஊரில், வேறு மாதிரிச் சாப்பிடுகிறவர்களிடம் முயன்று பார்த்துவிட்டு வா, இல்லாவிட்டால் இது ஆய்வேடு அல்ல, கேன்டீன் அறிக்கை என்று சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் கோமதிக்குக் கல்யாணம் நிச்சயமானது. அம்பாசமுத்திரத்தில் கல்யாணம். முடிந்த மறுவாரமே பின்லாந்துக்குத் திரும்ப வேண்டும். அவளுக்கு வேறு எந்த இடமும் கிடைக்கப்போவதில்லை. ஆகவே தன்னுடைய கல்யாணத்தின் சொதி விருந்தையே இரண்டாவது இடமாக எடுத்துக்கொண்டாள்.

சொதி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக: தேங்காய்ப் பாலில் பாசிப்பருப்பும் காய்கறியும் போட்டு வைக்கும் குழம்பு. திருநெல்வேலிச் சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்கு அதை வைத்து விருந்து போடுவார்கள். முகூர்த்தச் சாப்பாட்டில் குறை இருந்தால் மன்னித்துவிடுவார்கள். சொதியில் குறை இருந்தால் பேரன் கல்யாணத்தில் சொல்லிக்காட்டுவார்கள். அப்படிப்பட்ட விருந்தில் இலையைச் சிறிதாக்குவது என்று ஒரு பெண் முடிவெடுத்தாள். அவளுக்கு ஆலோசகராக அவளுடைய தாய்மாமன் நியமிக்கப்பட்டார். நான் பிறந்த ஊர் என்பதால் எனக்கு அந்த ஊர் தெரியும் என்று எல்லோரும் நம்பினோம். நான் ஊரைவிட்டு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

கல்யாணப் பயணத்தின் முதல் நாள் காலையில் திருநெல்வேலியில் இறங்கி, வண்ணார்பேட்டையில் தாய்மாமன் சீருக்குப் பட்டுச்சேலை வாங்கினேன். பின்லாந்தில், வண்டியே இல்லாத சாலையில் சிவப்பு விளக்குக்காக ஒரு கிழவர் காத்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். வண்ணார்பேட்டையில் விளக்குதான் காத்து நின்றது. சாலையைக் கடக்க வழியில்லாமல் இந்தப் பக்கமே ஒரு கருப்பட்டிக் காப்பி குடித்தேன். பிறகு இன்னொன்று. அப்புறம் ஒரு மாடு கடந்தது. அதன் மறைவில் நானும் கடந்தேன்.

பாபநாசம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் ஒரு பை, பைக்குள் துண்டில் சுற்றிய தட்டு. பின்லாந்துக் கேன்டீனின் அசல் சின்னத் தட்டு. நான் அங்கே போயிருந்தபோது கோமதி அனுமதி கேட்டு ஞாபகார்த்தமாக வாங்கிக் கொடுத்தது; இப்போது அளவுக்கு வேண்டும், கொண்டு வாருங்கள் என்றிருந்தாள். பக்கத்தில் மேலப்பாளையத்து பாய் ஒருவர். சவூதியில் ரொம்ப வருடம் இருந்துவிட்டு வந்தவர். மகள் கல்யாணத்துக்குப் பாய் நெய்யச் சொல்லிவிட்டு வரப் பத்தமடைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

“பையில என்ன அண்ணாச்சி, புள்ளயத் தாலாட்டுத மாதிரி வச்சிருக்கீக?”

“தட்டு.”

“வெள்ளியா?”

“பீங்கான். பின்லாந்துலேர்ந்து வந்தது.” விஷயத்தை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“அப்பம் இந்தத் தட்டு அளவுக்கு இலய நறுக்கப் போறீக.”

“ஆமா.”

“மாப்பிள்ள வீட்டுக்காரங்களுக்கு.”

“ஆமா.”

அவர் என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். “எங்க வீடுகள்ல சகன் வைப்போம். ஒரே பெரிய தட்டு, சுத்தி நாலஞ்சு பேரு. நீங்க தட்டச் சின்னதாக்குதீக, நாங்க ஆளக் கூட்டுதோம். ஆனா அதுலயும் ஒரு வெனை இருக்கு. கூடப்பொறந்தவன் உக்காந்தாம்னு வைங்க, நம்ம பக்கத்துக் கறிய அவன் பக்கம் இழுத்துக்கிடுவான். மச்சான் உக்காந்தா, அவன் பக்கத்துக் கறியெல்லாம் நம்ம பக்கம் தள்ளிக்கிட்டே இருப்பான். தின்னு மாளாது.”

நான் சிரித்தேன். ஆலோசகர்கள் இப்படித்தான், முக்கியமானதைக் கேட்டதும் சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவோம்.

பத்தமடைக்குச் சற்று முன்னால் ஒரு வேகத்தடை. டிரைவர் அதை வேகத்துக்கான தடை என்று எடுத்துக்கொள்ளவில்லை. நான் மேலே போய் இறங்கினேன். பை எனக்குப் பின்னால் இறங்கியது. துண்டுக்குள் மெல்ல ஒரு சத்தம். பனியிலும் விமானத்திலும் உடையாத தட்டு அங்கே உடைந்தது.

“இன்னா லில்லாஹி” என்றார் பாய், இழவுச் செய்தி கேட்டவர்போல. பிறகு, “ஒடஞ்ச சாமானோட கல்யாண வீட்டுக்குள்ள நொழையாதீக. இங்கன தாங்க, நான் பத்தமடைல போட்டுட்டுப் போறேன். அளவு ஞாபகம் இருக்குல்லா?”

“இருக்கு” என்றேன்.

துண்டை மட்டும் உதறித் திருப்பிக் கொடுத்துவிட்டு, பின்லாந்தை ஒரு தாளில் பொட்டலம் கட்டிக்கொண்டு இறங்கினார்.

இரண்டாம் நாள் வீட்டில் இலை நறுக்கினோம். தட்டு பத்தமடையில் இறங்கிவிட்டது, அளவு மட்டும் என்னோடு வந்திருக்கிறது என்று கோமதியிடம் சொன்னேன். அவளுக்கு முகம் வாடியது. “சரியா ஞாபகம் இருக்கா மாமா?” என்றாள். இரண்டு கையாலும் காற்றில் வட்டம் போட்டுக் காட்டினேன். ஒன்றைச் சொல்ல வேண்டும்: அந்தத் தட்டை நான் எப்போதும் பசியோடுதான் பார்த்திருக்கிறேன். பசித்தவன் ஞாபகத்தில் தட்டு வளராது.

அத்தான், கோமதியின் அப்பா, கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு தடவை பார்க்காமல் நம்பமாட்டார். நான் நறுக்கிக் காட்டிய இலையைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார்.

“என்னவே இது. ஊறுகாய்க்கா?”

“மொத்தச் சாப்பாட்டுக்கும்தான் அத்தான்.”

“பின்லாந்துல எல்லாரும் உசுரோடதான் இருக்காங்களா?”

அக்கா அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “ஏலே, ரெண்டு பேருக்கும் சொல்லிப்புடுதேன். சம்பந்தி வீட்டுல ஒரே ஒரு ஆளு மொகம் சுளிச்சாலும் முழு இலதான். அப்பொறம் ஆராய்ச்சின்னு எவளும் என் கிட்ட வரக் கூடாது.”

சரி என்று தலையாட்டினாள் கோமதி. அப்போதே சாமான் அறையில் ஈரச் சாக்கு மூடி, முழு இலைக் கட்டுகளை அக்கா தயாராக வைத்திருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. என் ஆலோசனைக்கு இவ்வளவு உறுதியான மாற்று ஏற்பாட்டை எந்த அலுவலகத்திலும் யாரும் செய்ததில்லை.

ஒரு முழு இலையைக் குறுக்கே வெட்டினால் இரண்டு சின்ன இலை. சாயங்காலம் வரை வெட்டி, கலந்து அடுக்கினோம். சிக்கனமாக ஒரு காரியம் செய்கிறோம் என்ற பெருமிதத்தில் எனக்குப் பசியே எடுக்கவில்லை. ஆனாலும் சமையலுக்கு வந்திருந்த தவசிப்பிள்ளை ருசி பார்க்கச் சொல்லிக் கொடுத்த சொதியை மூன்று தடவை ருசி பார்த்தேன். ஆராய்ச்சியில் ஒரு தடவை பார்த்தால் போதாது.

மூன்றாம் நாள் கல்யாணம். விடியலில் தாமிரபரணியில் குளித்தேன். பின்லாந்தில் ஏரியில் இறங்குவதற்கு முன்னால் ஒரு நீராவி அறையில் உட்காரவைத்து அவிப்பார்கள். இங்கே அதற்கு அவசியமில்லை, மேளம் வாசிக்கும் மண்டபமே போதும்.

மண்டபத்தில்தான் மாப்பிள்ளையின் பெரியப்பா ஆறுமுகம் அண்ணாச்சியைப் பார்த்தேன். திருநெல்வேலி டவுனில் பாத்திரக்கடை. மரியாதைக்காகச் சொதி விருந்துக்கான வாளி, கரண்டி எல்லாம் அவர் கடையில்தான் அத்தான் வாங்கியிருந்தார். யாரைப் பார்த்தாலும் முதலில் அந்த ஆளின் கையிலிருக்கும் பாத்திரத்தைப் பார்ப்பார், தட்டிப் பார்ப்பார், பிறகுதான் வணக்கம் சொல்வார். மாப்பிள்ளை வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

“நீருதான் பின்லாந்து போயிட்டு வந்தவரா?”

“ஆமா அண்ணாச்சி.”

“அங்க என்ன பாத்திரத்துல வெளம்புதான்?”

“அங்க யாரும் வெளம்புறது இல்ல. அவங்கவங்களே எடுத்துக்கிடணும்.”

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். ஆதரவற்ற ஒரு தேசத்திலிருந்து தப்பி வந்தவனைப் பார்க்கும் பார்வை. “அதான் இப்படி மெலிஞ்சிருக்கீரு” என்றார். என்னை மெலிந்தவன் என்று கடைசியாகச் சொன்னவர் என் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். எனக்கு அண்ணாச்சியைப் பிடித்துப்போயிற்று.

நான்காம் நாள் மதியம், அதே மண்டபத்தில் சொதி. முதல் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார். நடுவில் மாப்பிள்ளையும் கோமதியும். பெண் வீட்டார் பரிமாற வேண்டும். சொதி வாளி என் கையில்.

இலை போட்டு முடித்தபோது பந்தியில் எல்லோரும் தங்கள் இலையையும் பக்கத்து இலையையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

“வே” என்றார் ஆறுமுகம் அண்ணாச்சி, என்னைப் பார்த்து, பைய. “என் இலைக்கு நுனி எங்க?”

அப்போதுதான் பார்த்தேன். குறுக்கே வெட்டினால் ஒரு பாதிக்கு நுனி உண்டு. மறு பாதி வெறும் ஏடு. நுனியிலைதான் விருந்தாளிக்கு மரியாதை. ஏடு ஓட்டலில் போடுவது. நாங்கள் இரண்டையும் கலந்து அடுக்கியிருந்தோம். ஒருவருக்கு நுனி, பக்கத்தில் ஒருவருக்கு ஏடு என்று, ஒரே குடும்பத்தை ஒரே வரிசையில் இரண்டாகப் பிரித்துவிட்டோம். அந்தக் குடும்பத்தின் தலைவருக்கு ஏடு. பின்லாந்துத் தட்டு வட்டமானது. அதற்கு நுனியும் இல்லை, அடியும் இல்லை, பெரியப்பாவும் இல்லை.

அவருக்குப் பக்கத்தில் இருந்த தம்பி மகன் சமாதானம் சொன்னான்: “எனக்கு நுனி இருக்கு பெரியப்பா. இலயத்தான் காணோம்.”

“நீ சும்மா இருலே.”

நிலைமையைச் சமாளிக்க ஒரே வழி உபசாரம் என்று நினைத்தேன். அவர் இலையில் சோறு வைத்ததும் இலை முடிந்துவிட்டது. உருளைக்கிழங்குக் காரக்கறிக்கும் இஞ்சித் துவையலுக்கும் சோற்றின்மேல்தான் இடம் கிடைத்தது. நான் சொதியை ஊற்றினேன். “போதும்” என்றார். போதும் என்று சொன்ன பிறகு ஊற்றுவதுதான் மரியாதை. ஊற்றினேன். இலைமேல் கையை வைத்து மறைத்தார். கை வைத்த பிறகும் ஊற்றுவதுதான் உண்மையான மரியாதை. தட்டுக்கு விளிம்பு இருக்கிறது, இலைக்கு இல்லை என்ற வேறுபாட்டை இரு நாடுகளையும் சுற்றிய நான் அந்த நிமிஷத்தில்தான் உணர்ந்தேன். சொதி சோற்றைச் சுற்றி, மேசைத் தாளில் ஓடி, ஒரு கணம் யோசித்து, அவர் வேட்டியில் இறங்கியது.

அவர் முகம் சுளித்தது. மண்டபமே பார்த்தது. அக்கா எப்போது சாமான் அறைக்குப் போனாள் என்று தெரியவில்லை. முழு இலைக் கட்டுகள் மீட்புப் படைபோல வந்துவிட்டன. சின்ன இலைகளைச் சோற்றோடு சுருட்டி எடுத்துப் போட்டார்கள். எங்கள் சிக்கனம் முதல் ஐந்து நிமிஷத்திலேயே ஒரு வாளிச் சோற்றை வீணாக்கியிருந்தது.

கோமதி தலையைக் குனிந்தாள். மணப்பெண்ணின் நாணம் என்று பலரும் நினைத்திருப்பார்கள். அவளுடைய இரண்டாவது இடம் அந்த வாளியில் போவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அதற்குள் ஆறுமுகம் அண்ணாச்சி எழுந்துவிட்டார். கிளம்பிவிட்டார் என்று நினைத்து அத்தான் கையைக் கூப்பிக்கொண்டு ஓடி வந்தார். அண்ணாச்சி நேராக என்னிடம் வந்தார்.

“வாளிய இங்கன தாரும். ஒமக்கு ஊத்தத் தெரியல. எங்க ஆளுகளுக்கு நானே வெளம்புதேன்.”

“அண்ணாச்சி, நாங்க இத்தன பேரு இருக்கும்போது நீங்க போயி…” என்றார் அத்தான்.

“இருங்க. இருந்து பாத்துக்கிடுங்க.”

வேட்டியை மடித்துக் கட்டினார். கறை இன்னும் நன்றாகத் தெரிந்தது. வரிசையின் முனையில் அவருடைய தம்பி.

“ஒனக்கு அரைக் கரண்டி.”

“அண்ணே, இன்னும் கொஞ்சம்…”

“டாக்டரு என்னலே சொன்னாரு? அரதான்.” அடுத்தது தம்பி மகன். “மொதல்ல இலயில கெடக்கத முழுங்கு. பெறகு கேளு.” அதற்கடுத்து அவனுடைய தங்கை. “அந்தக் கேரட்ட எதுக்குட்டீ ஓரங்கட்டி வச்சிருக்க? அதுக்கு என்ன நோவு? எடுத்து வாயில போடு.”

“பெரியப்பா, கொஞ்சம் சொதி.”

“வாரேன். பைய வாரேன்.” திரும்பி வர அவசரப்படவே இல்லை. கடையில் கடன் கேட்க வந்தவரை நடத்துவதுபோல எல்லோரையும் நடத்தினார். சொந்தப் பெரியப்பா வாளியோடு பின்னால் நிற்கும்போது இலையில் மிச்சம் வைக்கிற துணிச்சல் யாருக்கும் இல்லை.

பந்தி எழுந்தபோது, எச்சில் இலைகளில் மிஞ்சியதைப் போட வைத்திருந்த புது வாளியில் கறிவேப்பிலையும் சவைத்த முருங்கைக்காயும்தான் கிடந்தன. கை கழுவப் போன கோமதி அங்கே நின்றுவிட்டாள். பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அந்த முகம் வேறாக இருந்தது.

“மாமா, இல பெருசு. ஆனா வாளி காலி.”

“இதத்தான் நான் பின்லாந்துல…” என்று ஆரம்பித்தேன்.

“நீங்க கொஞ்ச நேரம் பேசாம இருங்க மாமா.”

நேராக ஆறுமுகம் அண்ணாச்சியிடம் போனாள். மருமகள் குரலில், தேனாகக் கேட்டாள்: “பெரிய மாமா, அடுத்த பந்தி எங்க வீட்டு ஆளுக. அவங்களுக்கும் நீங்களே வெளம்புதீயளா? ஒங்க கையால சாப்பிட்டா அவங்களுக்குச் சந்தோசமா இருக்கும்.”

அவர் நெகிழ்ந்துபோனார். அடக்கமான பெண் என்று அக்காகூட நெகிழ்ந்தாள். நானும்தான். வாளியைக் கழுவிக் காலியாக வைக்கச் சொல்லிவிட்டு அவள் கைப்பேசியை எடுத்துக்கொண்டதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

இரண்டாம் பந்தி. அதே முழு இலை, அதே சொதி, அதே கரண்டி, அதே கை. ஆனால் மனிதர் வேறு.

“பின்லாந்து, கையை எடும்.”

“போதும் அண்ணாச்சி.”

“என்ன போதும்? நீரு ஒண்ணுமே சாப்பிடலையே.” மூன்றாவது கரண்டி. “நம்ம சொதி பிடிக்கலையோ?”

அது எங்கள் சொதி. எங்கள் வீட்டுத் தேங்காய். எங்கள் தவசிப்பிள்ளை. ஆனால் வாளி அவர் கையில் இருந்தது. நான் இலையின்மேல் இரண்டு கைகளையும் விரித்துக் குனிந்துகொண்டேன். அவர் என் விரல்களுக்கு இடையே குறி பார்த்து ஊற்றினார். அவர் வீட்டு ஆட்களுக்கு அரைக் கரண்டி கொடுத்தவர், எனக்குச் சோற்றை மலையாக்கிப் பக்கத்தில் இன்னொரு மலையும் கட்டினார். எதிரே அத்தான் உயிரைக் கொடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பத்தமடையில் இறங்கிப் போன பாய் சொன்ன மச்சான் கதை இப்போது நினைவுக்கு வந்தது. ஆனால் வாய் நிறையச் சோறு இருந்ததால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

இலையை மடிக்கப் பார்த்தேன். மலைமேல் இலை மடியவில்லை. பந்தி எழுந்தபோது வாளி நிரம்பி, பக்கத்தில் இன்னொரு வாளி வைத்திருந்தார்கள். கோமதி இரண்டையும் படம் எடுத்தாள்.

“விஷயம் தட்டுல இல்ல மாமா. அங்க அவங்கவங்களே எடுத்துக்கிட்டாங்க, அதனால தட்டுச் சின்னதானதும் சாப்பாடு வீணாகல. இங்க யாரு யாருக்கு வெளம்புதாங்கங்கறதுதான் விஷயம். சொந்த ஆளுக்கு அளந்து ஊத்துதாங்க. சம்பந்திக்கு மரியாதைய ஊத்துதாங்க.”

“அப்படீன்னா நான் நறுக்கின இல?”

“அதையும் எழுதுவேன். ஒரு ஊரு வழக்கத்த இன்னொரு ஊருக்குக் கொண்டு வந்து அப்படியே வச்சா என்ன ஆவும்னு காட்டுறதுக்கு அதவிட நல்ல உதாரணம் கெடைக்காது.”

அக்காவுக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. “என்னத்தையும் எழுதட்டும். அண்ணாச்சி சிரிச்ச மொகமாத்தான் போனாரு” என்றாள். அது உண்மை. இப்படி ஒரு சொதி விருந்தைக் கண்டதில்லை என்று ஊரெல்லாம் சொன்னாராம். வேட்டிக் கறையையும் காட்டிக் காட்டிச் சொன்னாராம், போரில் பட்ட காயம்போல.

கொஞ்ச நாளில் பின்லாந்திலிருந்து செய்தி வந்தது. பேராசிரியை ஏற்றுக்கொண்டார், கேன்டீன் அறிக்கை இப்போது ஆய்வேடு. அத்தியாயத்திலிருந்து ஒரு பக்கத்தைக் கோமதி உறவினர் எல்லோருக்கும் அனுப்பியிருந்தாள். அதில் ஒரு படம்: ஒரு முழு இலை, அதன்மேல் விரித்த இரண்டு கைகள், விரல் இடுக்கில் இறங்கும் சொதி, மேலே ஒரு கரண்டி. கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்ததன் பொருள்: விருந்தாளியின் மறுப்பு, பலன் இல்லை. முகம் கிடையாது. ஆராய்ச்சி நெறி அப்படி என்றாள். மோதிரத்தை வைத்து அக்கா கண்டுபிடித்து எல்லோருக்கும் சொல்லிவிட்டாள்.

ஆறுமுகம் அண்ணாச்சி மட்டும் என்னைத் தனியாகப் போனில் கூப்பிட்டார்.

“படம் பாத்தேன் வே. அந்தக் கரண்டி நம்ம கடை கரண்டி. பின்லாந்துக்காரன் கேட்டா மறக்காமச் சொல்லும்.”